மூன்றாம் வகுப்பில் செயல்பாடு நடக்கிறது, பாடம் ஏன் நிற்பதில்லை?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு முதன்முறையாக மூன்றாம் வகுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது, 35 பிள்ளைகள். செயல்பாடுகள் வழியாகப் பாடம் நடத்தச் சொல்கிறார்கள், நீங்களும் நடத்துகிறீர்கள். பிள்ளைகள் வெட்டுகிறார்கள், ஒட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. சத்தம் வேறு தாங்கவில்லை, பாடமும் முடிவதில்லை. பேசாமல் கரும்பலகையில் எழுதிப்போட்டுப் படிக்கச் சொல்லிவிடலாமா என்கிறீர்கள்.

வேண்டாம். ஆனால் உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. நானும் அதே இடத்தில் விழுந்து எழுந்தவன்.

வேலைக்கு வந்த புதிதில் நீர்ச்சுழற்சிப் பாடத்துக்கு ஒரு செயல்பாடு வைத்தேன். பெரிய அட்டை, நீல வண்ணத்தாள், மேகத்துக்குப் பஞ்சு. பாடவேளை முழுக்க வேலை நடந்தது. சுவரில் மாட்டியபோது வகுப்பே அழகாகிவிட்டது, எட்டிப்பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மறுநாள் காலையில், "நேற்று என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்டேன். "பஞ்சு ஒட்டினோம் சார்" என்றார்கள். அந்தப் பதிலில் ஒரு பிழையும் இல்லை. அந்த 40 நிமிடமும் அவர்கள் யோசித்தது பஞ்சைப் பற்றித்தான். பசை ஏன் பிடிக்கவில்லை, பக்கத்துக் குழுவின் மேகம் மட்டும் ஏன் பெரிதாக இருக்கிறது, நீலத்தாளை எடுத்தது யார். நீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு நொடி யோசிக்காமலே அந்த வேலையை முடித்துவிடலாம். நான் கொடுத்த வேலை அப்படி.

அதற்குப் பிறகு எந்தச் செயல்பாட்டைத் தொடங்கும் முன்பும் என்னை நானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இதை முடிக்க ஒரு பிள்ளை எதை யோசித்தே ஆக வேண்டும்? பாடத்தைத் தொடாமலே முடித்துவிடலாம் என்றால் அது கைவேலை. கைவேலையும் நல்லதுதான், ஓவிய வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தை யோசிக்காமல் அடுத்த அடி வைக்க முடியாது என்றால் அதுதான் செயல்பாடு. கை ஓடுவது கண்ணுக்குத் தெரியும், மனம் எங்கே ஓடுகிறது என்பது தெரியாது. நாம் ஏமாறுவது அங்கேதான்.

நீர்ச்சுழற்சியை இப்போது இப்படிச் செய்கிறேன். இருவருக்கு ஆறு சீட்டு: கடல், மேகம், ஆறு, மண்ணுக்கடி, செடி, பனிமலை. ஒரு துளி நீர் செடிக்குள் இருக்கிறது, அடுத்து அது எங்கே போகலாம், எப்படிப் போகும்? மண்ணுக்கடியில் இருந்தால்? கடலில் இருந்தால்? ஒவ்வொரு நகர்வுக்கும் காரணம் சொல்ல வேண்டும். செடியில் வந்து மாட்டிக்கொள்வார்கள். "செடி குடிச்சிருச்சு, அவ்வளவுதான்" என்பான் ஒருவன். "அப்போ செடி வெடிச்சிராதா?" என்பாள் இன்னொருத்தி. இலை வழியாக நீர் ஆவியாக வெளியேறுகிறது என்று நான் சொல்லும்போது அது அவர்களுக்குத் தேவைப்படும் பதிலாக இருக்கிறது. 15 நிமிடத்தில் முடிந்துவிடும். பஞ்சும் மிச்சம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். மூன்றாம் வகுப்பில் செயல்பாடு அதிகமாக உதவுவதும், அதிகமாக வீணாவதும் கணக்கில்தான்.

52-இல் 38 போனால்? வகுப்பில் எழுதச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் பேராவது 26 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று நினைத்து "பார்த்துப் போடு" என்போம். அந்தப் பிள்ளை நன்றாகப் பார்த்துத்தான் போட்டிருக்கிறது. 5-இல் 3 போனால் 2. ஒன்றின் இடத்தில் 2-இல் 8 போகாது, ஆகவே 8-இல் 2 போனால் 6. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று நாம் முதல் வகுப்பில் சொன்னதை அது விசுவாசமாகக் கடைப்பிடிக்கிறது. பிரவுன், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் பிள்ளைகளின் கழித்தல் பிழைகளை ஆராய்ந்து 1978-இல் இதைத்தான் காட்டினார்கள்: பல பிழைகள் தற்செயல் அல்ல, ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகின்றன. அந்த விதி இருக்கும்வரை இன்னும் 50 கணக்கு போட்டால் 50 தடவை அந்தத் தவறுதான் உறுதியாகும்.

இங்கே குச்சிகள் வேண்டும். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி. "38 குச்சி எனக்குக் கொடு" என்று கேளுங்கள். மூன்று கட்டு தாராளமாக வரும். எட்டு உதிரி கேட்டால் கையில் இருப்பது இரண்டு. பிள்ளை உங்களைப் பார்க்கும், குச்சியைப் பார்க்கும், பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும். பொறுத்திருங்கள். யாரோ ஒருவர் ஒரு கட்டின் ரப்பர் பேண்டை உருவுவார். அந்த நிமிடத்துக்காகத்தான் இத்தனை குச்சியும். மேசையில் மீதமிருப்பது ஒரு கட்டும் நான்கு உதிரியும். 26 எங்கே போனது என்று அவர்களே கேட்பார்கள்.

ஆனால் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறோம். இன்று குச்சி, நாளை அதை அலமாரியில் வைத்துவிட்டு நோட்டில் கணக்கு. பிள்ளைக்கு இரண்டும் வேறு வேறு சமாசாரம்: குச்சி விளையாட்டு ஒன்று, கழித்தல் கணக்கு ஒன்று. கையால் செய்வது, படமாகப் பார்ப்பது, குறியால் எழுதுவது என்று அறிதலுக்கு மூன்று வழி உண்டு என ஜெரோம் புரூனர் 1960-களில் எழுதினார். அந்த வரிசையை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். மூன்றுக்கும் நடுவில் பாலம் கட்டுவதைத்தான் விட்டுவிடுகிறோம். நான் செய்வது இது: இணையில் ஒருவர் குச்சியை நகர்த்துகிறார், மற்றவர் அதே நேரத்தில் எழுதுகிறார். கட்டு அவிழ்ந்தால் 5-ஐ அடித்து 4 எழுத வேண்டும், உதிரி 12 ஆக வேண்டும். குச்சி நகராமல் பென்சில் நகரக் கூடாது, பென்சில் நகராமல் குச்சியும் நகரக் கூடாது. நான்கு கணக்குக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். அப்புறம் குச்சிக்குப் பதில் நெடுங்கோடும் புள்ளியும் வரையட்டும். அதன் பிறகு குச்சியைத் தொடாமல், "இப்போது எந்தக் கட்டை அவிழ்ப்பாய்?" என்று வாயால் சொல்ல வையுங்கள். சொல்ல முடிந்த பிள்ளைக்குக் குச்சி இனி வேண்டாம்.

இடையில் ஒன்று. "கடன் வாங்குதல்" என்ற பழைய சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்துங்கள். "வாங்கின கடனை எப்போ சார் திருப்பிக் கொடுக்கணும்?" என்று என்னிடம் ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. நியாயமான கேள்வி. அன்றிலிருந்து நான் "கட்டை அவிழ்ப்பது" என்றே சொல்கிறேன்.

இன்னொரு சோதனை, இதற்குப் பொருள் எதுவும் வேண்டாம். பலகையில் 8 + 4 = ▢ + 5 என்று எழுதிவிட்டுப் பெட்டிக்குள் என்ன வரும் என்று கேளுங்கள். 12 என்பார்கள், சிலர் 17 என்பார்கள். 7 என்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். அமெரிக்காவில் தாமஸ் கார்பென்டரின் குழுவினர் இதே கணக்கைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்து 1999-இல் எழுதியபோது, பெரிய வகுப்புகளிலும் இதே கதைதான் என்று கண்டார்கள். காரணம் எளிது. சமக்குறி என்றால் "விடையை இங்கே எழுது" என்று பிள்ளை புரிந்துகொண்டிருக்கிறது, ஏனென்றால் அது பார்த்த கணக்கெல்லாம் அப்படித்தான் இருந்தன. இதைச் சரிசெய்ய ஒரு தராசு வரைந்தால் போதும். அதைவிட எளிதானது தினமும் ஒரு வாக்கியம் எழுதி "சரியா, தப்பா?" என்று சண்டை போட விடுவது: 7 = 3 + 4. 6 = 6. 5 + 2 = 2 + 5. முதலாவதைப் பார்த்ததும் "திருப்பிப் போட்டிருக்கீங்க சார்" என்பார்கள். பின்னால் இயற்கணிதம் வரும்போது இந்த ஐந்து நிமிடத்தின் அருமை தெரியும்.

வாய்பாட்டுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். 1 முதல் 10 வரையிலான பெருக்கல் கட்டத்தில் 100 கட்டங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அது மலை. 3 × 7-உம் 7 × 3-உம் ஒன்றுதான் என்று கண்டுபிடித்து ஒன்றுக்கு மட்டும் வண்ணம் தீட்டச் சொன்னால் மிஞ்சுவது 55. அதில் 1, 2, 5, 10 வரும் எளிதானவற்றையும் அடித்துவிட்டால் 21. "வெறும் 21-தானா?" என்று அவர்கள் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்க வேண்டும். பிறகு அந்த 21-ஐ மனப்பாடம் செய்யத்தான் வேண்டும், அதற்குக் குறுக்கு வழி இல்லை. மனப்பாடம் என்பதை இப்போது கெட்ட வார்த்தையாக்கிவிட்டோம். 7 × 8-ஐ ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, பெரிய கணக்கின் மீதி வேலையை யோசிக்க மனதில் இடமே இருக்காது.

பின்னத்துக்குத் தாள் மடிப்பு போதும். மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரியது என்று பிள்ளை நினைப்பது, 4 பெரிய எண் என்பதால். மடிக்க மடிக்கத் துண்டு சிறிதாவதை அதன் கைகளே சொல்லிவிடும். அளவு வேறுபட்ட இரண்டு தாளைக் கொடுத்து "யாருடைய பாதி பெரியது?" என்றும் ஒருமுறை கேட்டுவிடுங்கள், முழுமை ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும் என்பது அங்கேதான் புரியும்.

இனி வாசிப்பு. மற்ற பாடமெல்லாம் நிற்பது இதன் மேல்தான். ஜீன் சால் என்ற ஹார்வர்டு பேராசிரியர் 1983-இல் வாசிப்பைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். அவர் கணக்குப்படி மூன்றாம் வகுப்புவரை பிள்ளை வாசிக்கக் கற்கிறது, அதற்கு மேல் வாசித்துக் கற்கிறது. உங்கள் வகுப்பு அந்த வாசற்படியில் நிற்கிறது. இங்கே எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை அடுத்த ஆண்டு அறிவியலிலும் பின்தங்கும், கணக்கின் எழுத்து வினாவிலும் பின்தங்கும்.

தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்த வேண்டியதில்லை. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், மீதி 216 உயிர்மெய்யும் சேர்க்கைதான். மூன்றாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளைக்குப் பெரும்பாலும் மெய் தெரியும், குறிதான் தகராறு. அதிலும் கொ, கோ, கௌ. கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, நடுவில் க, பின்னால் கால் (கௌ என்றால் ள போன்ற குறி). வாயோ க் என்ற ஒலியில் தொடங்க வேண்டும். கண் போகும் வரிசையும் ஒலி போகும் வரிசையும் முட்டிக்கொள்கின்றன. கால் இருப்பதைக் கவனிக்காமல் "கெ" என்று வாசித்துவிட்டு நிற்கும் பிள்ளையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்தக் குறி தகராறு என்று கண்டுபிடிக்க, பொருளில்லாத சொற்களை எழுதிக் காட்டுங்கள்: பொமி, கேலோ, தைசூ, நெடௌ. பாடப்புத்தகச் சொல் என்றால் படத்தைப் பார்த்தோ முதல் எழுத்தைப் பார்த்தோ ஊகித்துவிடுவார்கள். பொமியை ஊகிக்க முடியாது. தவிர, இந்தச் சொற்களைக் கேட்டு வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும், சோதனை என்ற பயமே வராது. ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம், வாரத்துக்குள் 35 பேரும் முடிந்துவிடுவார்கள்.

ஒருவர் எழுந்து நின்று வாசிக்க மற்றவர்கள் விரல் வைத்துக் கேட்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 நிமிடத்தை 35-ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் சொச்சம். மீதி 39 நிமிடம் தன் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கும். இருவர் இருவராக 20 நிமிடம் வாசித்தால் ஆளுக்கு 10 நிமிடம் கிடைக்கிறது. கொஞ்சம் நன்றாக வாசிப்பவரைக் கொஞ்சம் திணறுபவரோடு சேர்க்கலாம். ஆனால் மிக நன்றாக வாசிப்பவரை மிகவும் திணறுபவரோடு சேர்க்காதீர்கள், ஒருவருக்குச் சலிப்பு, ஒருவருக்கு அவமானம். ஒரே பத்தியை மூன்று நான்கு முறை வாசிப்பது சரளத்தை வளர்க்கும். ஆனால் "திரும்ப வாசி" என்றால் எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்? ஒரு சிறு நாடகமாக எழுதி, வெள்ளிக்கிழமை குரலை மட்டும் வைத்து நடித்துக் காட்ட வேண்டும் என்றால், திங்கள் முதல் தாமாகவே பத்து முறை வாசிப்பார்கள்.

வாசித்தும் புரியவில்லை என்றால், எப்போதும் வாசிப்பில்தான் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரெக்ட், லெஸ்லி இருவரும் 1988-இல் செய்த ஓர் ஆய்வில் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்து ஆட்டம் தெரியாதவர்களைவிட, சுமாராக வாசித்து ஆட்டம் தெரிந்தவர்களே அதிகம் புரிந்துகொண்டார்கள். ஆகவே நேரம் போதவில்லை என்று சூழ்நிலையியலை வெட்டி வாசிப்புக்குக் கொடுப்பது கை வெட்டிக் காலுக்கு ஒட்டுவது மாதிரி. தினமும் பத்து நிமிடம் விலங்கு, நிலம், இயந்திரம், பழங்காலம் என்று ஏதாவது வாசித்துக் காட்டுங்கள்.

அறிவியலில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் அதை எல்லோரும் செய்கிறோம், பாதியில் விடுகிறோம்: அவரை விதை. நான்கு குவளைகள். வெளிச்சமும் நீரும் உள்ளது, வெளிச்சம் மட்டும், நீர் மட்டும், இரண்டும் இல்லாதது. விதைக்கும் முன்பே எதில் முளைக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் படம் வரைந்து மூடிவிட வேண்டும். பெரும்பாலும் எல்லோரும் முதல் குவளைக்குத்தான் வாக்களிப்பார்கள். சில நாளில் இருட்டிலும் விதை முளைக்கும். அதோடு விடாமல், வெளிச்சத்தில் இருப்பதைவிட உயரமாகவும் வளரும். "இருட்டிலதான் சார் நல்லா வளருது!" வகுப்பே குழம்பும். வாயைத் திறந்து விளக்கிவிடாதீர்கள். நிறம் என்ன, தண்டு தடிப்பாக இருக்கிறதா, இலை எவ்வளவு பெரிது என்று மட்டும் கேளுங்கள், இன்னும் ஒரு வாரம் விடுங்கள். வெளுத்து, நீண்டு, தொய்ந்து விழும். முளைக்கத் தேவையான உணவு விதைக்குள்ளேயே இருந்தது, அது தீர்ந்த பிறகுதான் வெளிச்சத்தின் அவசியம் தெரிந்தது. வெளிச்சத்தைத் தேடித்தான் அது அப்படி நீண்டது. இதைப் பிள்ளைகள் பெரியவர்களானாலும் மறப்பதில்லை, ஏனென்றால் முதலில் தாங்கள் தவறாகச் சொன்னது நோட்டில் இருக்கிறது.

அளவெடுக்க ஓர் உத்தி: அளவுகோல் கொடுக்காமல், செடியின் உயரத்துக்குத் தாள் நாடா ஒன்றை வெட்டி நாள்தோறும் ஒட்டச் சொல்லுங்கள். பத்து நாளில் சுவரில் பட்டை வரைபடம் தானாக நிற்கும். அதற்கென்று தனிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இங்கேயும் வெட்டலும் ஒட்டலும்தான், ஆனால் செடியைப் பார்க்காமல் நாடாவை வெட்ட முடியாது. பஞ்சு மேகத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அடுத்து, நாம் கேள்வி கேட்கும் விதம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றைக் கவனித்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினாலே பதில்கள் நீளமாயின, "தெரியாது" என்பது குறைந்தது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். வகுப்பின் முன் நின்று மௌனமாக எண்ணிப் பாருங்கள், யுகம் மாதிரி இருக்கும். நான் சுவரில் இருக்கும் ஏதாவது ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணுவேன்.

கை தூக்குகிறவரிடம் மட்டும் பதில் வாங்கும் பழக்கத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் அதே ஆறு கைதான் தூக்கும். மற்ற 29 பேருக்கு யோசிக்க அவசியமே இல்லை, யாராவது சொல்லிவிடுவார்கள். இதற்குப் பழைய சிலேட்டைவிடச் சிறந்த கருவி நான் இன்னும் பார்க்கவில்லை. எல்லோரும் எழுதி, "மூன்று, இரண்டு, ஒன்று" என்றதும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். ஐந்து நொடியில் 35 மனதும் உங்களுக்குத் தெரிந்துவிடும். 14 எத்தனை, 26 எத்தனை என்று பார்த்த பிறகு மேலே போவதா திரும்புவதா என்று முடிவெடுக்கலாம். பெரிய கேள்வி என்றால் முதலில் தனியாக யோசித்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, பிறகு வகுப்புக்குச் சொல்வது நல்ல முறை. பிராங்க் லைமன் 1981-இல் வகுத்தது, இன்றுவரை உலகம் முழுக்க ஓடுகிறது. முதல் படியான "தனியாக யோசி" என்பதை அவசரத்தில் விட்டுவிட்டால் அது வெறும் அரட்டை.

சத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சத்தத்தில் இரண்டு வகை உண்டு. காதைக் கொடுத்துக் கேளுங்கள். "ஏன்னா கட்டு அவிழ்த்தாச்சுல்ல" என்பது ஒரு வகை. "என் ரப்பரைக் கொடு" என்பது இன்னொன்று. முதல் வகையை அடக்கினால் நீங்கள்தான் நஷ்டப்படுவீர்கள். இரண்டாவது வகை வருவது பெரும்பாலும் நம் ஏற்பாட்டுக் குறையால். பொருளைக் கொடுத்துவிட்டு விளக்க ஆரம்பிக்காதீர்கள், கையில் பொருள் வந்ததும் பிள்ளைக்குக் காது அடைத்துவிடும். முதலில் விளக்கி, ஒருவரை எழுப்பி "என்ன செய்யப் போகிறோம்?" என்று திரும்பச் சொல்ல வைத்து, அதன் பிறகு பொருள். கட்டளை மூன்றுக்கு மேல் போகக் கூடாது. வளர்ந்தவர்களே ஒரு நேரத்தில் நான்கு விஷயங்களைத்தான் மனதில் தாங்கிக்கொள்ள முடியும் என்று நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார், எட்டு வயதுக்கு அதுவும் கிடையாது. மூன்றையும் பலகையில் படமாகப் போட்டுவிட்டால் "அடுத்து என்ன சார்?" என்று 35 தடவை கேட்க மாட்டார்கள்.

குழு என்றதும் ஐந்து ஐந்து பேராக உட்கார வைக்கிறோம். மூன்றாம் வகுப்பில் ஐந்து பேர் குழு என்றால் ஒருவர் செய்வார், இருவர் வேடிக்கை பார்ப்பார்கள், மீதி இருவர் சண்டை. இந்த வயதுக்கு இணைதான் சரி. உங்களுக்கு 35 என்பதால் ஒரே ஒரு மூவர் இருப்பார்கள், அது பரவாயில்லை.

முதலில் முடித்துவிட்டுக் காலாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது தண்டனை மாதிரி. "இதே கணக்குக்கு ஒரு தவறான விடை எழுது, ஒருவர் எப்படி யோசித்திருந்தால் அந்த விடை வந்திருக்கும் என்று சொல்" என்று கேளுங்கள். நல்ல வேலை வாங்கும் கேள்வி. சில பிள்ளைகள் கண்டுபிடிக்கும் தவறுகள் என் 20 ஆண்டு அனுபவத்திலும் வராதவை.

இப்போது உங்கள் முக்கியக் குறைக்கு வருகிறேன்: மறுநாள் நினைவில் இல்லை. செயல்பாடு நல்லதாகவே இருந்தாலும் கொஞ்சம் மறக்கத்தான் செய்வார்கள். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885-இலேயே காட்டியது இது, கற்றதில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே நழுவுகிறது. மருந்து என்ன? திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது. ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்தபோது, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். அவர்கள் பெரியவர்கள்தான், ஆனாலும் என் வகுப்பில் அதையே சிறிய அளவில் செய்கிறேன். காலை முதல் ஐந்து நிமிடம், புத்தகம் மூடியபடி, சிலேட்டில் மூன்று கேள்வி: நேற்றையது ஒன்று, போன வாரத்தது ஒன்று, போன மாதத்தது ஒன்று. மதிப்பெண் கிடையாது, தவறினால் அழித்துவிட்டு மேலே போகலாம். ஒரு மாதத்தில் மாற்றம் தெரிந்தது. இந்த ஐந்து நிமிடத்தை மட்டும் எந்த விழா வந்தாலும் விடாதீர்கள்.

பாடம் முடியவில்லை என்பதற்கு ஒரு பதில்தான்: எல்லாவற்றுக்கும் செயல்பாடு வைக்காதீர்கள். சில விஷயங்களைச் சொல்லிவிட்டால் போதும். ஆவியாதல் என்பது ஒரு பெயர், அதை எந்தப் பிள்ளையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்பது நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு. சந்திப் பிழையும் அப்படித்தான், சொல்லி எழுத வைக்க வேண்டும். பிள்ளைகள் ஏற்கெனவே ஏதோ ஒன்றைத் தவறாக நம்பிக்கொண்டிருக்கும் இடங்களுக்கு மட்டும் செயல்பாட்டைச் சேமித்து வையுங்கள். இடமதிப்பு, சமக்குறி, பின்னம், விதையும் வெளிச்சமும், நிழல் ஏன் நீண்டு குறுகுகிறது, அளவுகோலை 0-இல் வைப்பதா 1-இல் வைப்பதா. நாம் சொன்னால் தலையாட்டிவிட்டுத் தங்கள் நம்பிக்கையோடே வீட்டுக்குப் போவது இங்கெல்லாம்தான். ஒரு பருவத்துக்கு அப்படி எட்டோ பத்தோ தேறும். அவற்றுக்கு இரண்டு நாள், மூன்று நாள்கூடக் கொடுங்கள், மற்றவற்றில் அந்த நேரத்தை மீட்டுவிடலாம்.

அடுத்த வாரமே தொடங்குவதாக இருந்தால் கழித்தலில் தொடங்குங்கள், பலன் சீக்கிரம் கண்ணில் படும். குச்சிகளை முதல் நாளே பத்துப் பத்தாகக் கட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள், பத்து என்றால் எவ்வளவு என்பது அதிலேயே பாதி வந்துவிடும். ரப்பர் பேண்டு மட்டும் தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்து வையுங்கள். முதல் பாடவேளையிலேயே பாதி காற்றில் பறக்கும்.